ஐ சிங் குறிகள்: யூனிகோடில் தட்டுவதா, எஸ்விஜியில் வரைவதா?

சீனத்தின் பழைய குறிநூலான ஐ சிங்கில் 64 அறுகோட்டுக் குறிகள்; ஒவ்வொன்றும் முழுதாகவோ நடுவில் உடைந்தோ இருக்கும் ஆறு கோடுகளின் அடுக்கு. அவற்றைத் திரையில் காட்ட முக்கியமாக இரண்டு வழிகள். கணினி எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமான யூனிகோட், 2003இல் தன் 4.0 பதிப்பில் சேர்த்த எழுத்துகளையே எடுத்துப் போடலாம். இல்லை, வடிவங்களைக் குறிமொழியாக எழுதிப் படமாக்கும் எஸ்விஜியில் (SVG) கோடு கோடாக வரையலாம். காசு சுண்டிப் பலன் பார்க்கும் சிறு செயலி ஒன்றுக்காக இரண்டையும் வைத்துப் பார்த்து எஸ்விஜி பக்கம் சாய்ந்தவன் நான். ஆகவே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

யூனிகோடின் வசதிகள் தெரிந்தவைதான்: காப்பி எடுக்கலாம், தேடலாம், வரிக்கு நடுவே வைக்கலாம். குறிகள் மரபான வென் மன்னர் வரிசையிலேயே இருப்பதால், எண் தெரிந்தால் குறி கிடைத்துவிடும். எழுத்துரு இல்லாத கருவியில் வெறும் கட்டம் தெரியும். டெஜாவு சான்ஸ் போன்ற எழுத்துரு ஒன்றைக் கூடவே அனுப்பினால் தீர்ந்தது.

எனக்கு முடிவைச் சொன்னது மாறும் கோடு. மூன்று காசுகளை ஆறு முறை சுண்டும்போது ஒவ்வொரு முறையும், காசுப் பக்கங்களின் மதிப்பைக் கூட்டினால், 6, 7, 8, 9 இவற்றில் ஒன்று விழும்; அது ஒரு கோட்டைத் தரும். 7 முழுக்கோடு, 8 உடைந்த கோடு. இவை அப்படியே நிற்கும். 6 என்பது முழுக்கோடாக மாறப்போகும் உடைந்த கோடு, 9 அதற்கு நேரெதிர். இவை மாறியதும் இரண்டாவது குறி பிறக்கிறது. பலனின் உயிரே அங்கேதான். யூனிகோடிலோ ஆறு கோடும் சேர்ந்து ஒரே எழுத்து. மூன்றாம் கோட்டுக்கு மட்டும் சிவப்பு அடிக்கவோ, கீழிருந்து ஒவ்வொன்றாகத் தோன்றவைக்கவோ நேர்வழி இல்லை. பக்கத்தில் ஒரு புள்ளியை ஒட்டவைக்கலாம்தான்; எழுத்துரு மாறினால் புள்ளி நகர்ந்து பக்கத்துக் கோட்டைக் காட்டும். எஸ்விஜியில் ஒவ்வொரு கோடும் தனி உருப்படி. அதற்காக 64 படங்கள் வரைய வேண்டாம். ஆறு எண்களை வாங்கி வரைந்துதரும் ஒரு சின்ன ஃபங்ஷன் போதும். குறியின் பெயரைக் காட்ட அட்டவணை எப்படியும் வேண்டும், அந்த வேலை இரண்டிலும் மிச்சமாகாது.

கூர்மையிலும் எஸ்விஜிதான். ஆறு கோடு, ஐந்து இடைவெளி, ஆக 11 படி. உயரத்தை 22, 33 பிக்சல் என்று 11இன் மடங்காக வைத்தால் பிசிறில்லாமல் விழும். சின்ன எழுத்தில் இடைவெளி மங்கி உடைந்த கோடு முழுசாகத் தெரிந்தால் அதை அழகுக் குறை என்று விட முடியாது. வேறு குறியாகவே ஆகிவிடுகிறது. திசையிலும் கவனம் வேண்டும்: குறியைக் கீழிருந்து எண்ணுவார்கள், எஸ்விஜியின் அச்சு மேலிருந்து இறங்கும். திருப்பாமல் விட்டால் 'தொடக்கத்தின் இடர்' என்னும் 3ஆம் குறி 'இளமையின் அறியாமை' என்னும் 4ஆம் குறியாகிவிடும்.

மெனு பொத்தானுக்கு ☰ போடுபவர்களுக்கும் எஸ்விஜியையே சொல்வேன். அது வானத்தைக் குறிக்கும் முக்கோட்டுக் குறி. தென்கொரியக் கொடியின் மேல் இடது மூலையில் இருப்பதும் அதுவே. மெனு படமோ 1981இல் வந்த ஸெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது. எழுத்தைப் போட்டு மாற்றுப்பெயர் கொடுக்காமல் விட்டால், பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக்காட்டும் திரைவாசிப்பான் 'மெனு' என்பதற்குப் பதில் வானத்தை வாசிக்கக்கூடும். எஸ்விஜிக்கும் பெயரை நாம்தான் எழுத வேண்டும்.

அச்சுக்குப் போகும் வேலையில் இரண்டையும் நான் சோதித்ததில்லை. கட்டுரையின் நடுவே ஒரு குறியைச் சொல்லிப்போக மட்டும் வேண்டுமானால், யூனிகோடையே எடுப்பேன்.