கணினியிலிருந்து ஃபோனுக்குள்: இரண்டு வருட டெர்மக்ஸ் அனுபவம்

ஃபோனிலிருந்து கணினிக்கு யூஎஸ்பி கேபிளில் படங்களை மாற்றும்போதெல்லாம் இணைப்பு பாதியில் அறுந்ததால்தான் இந்த வழிக்கு வந்தேன். ஆண்ட்ராய்டு ஃபோனில் டெர்மக்ஸ் (லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் செயலி), அதற்குள் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து பாதுகாப்பாக உள்ளே நுழைய உதவும் மென்பொருள்). லினக்ஸ் மடிக்கணினியில் ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் கட்டளையை ஓட்டினால், ஃபோனிலிருந்து புதிய படங்கள் மட்டும் அதற்கு வந்துவிடும். ரூட் செய்யாத (முழு நிர்வாக உரிமை பெறாத) ஃபோனில், செயலிகள் 1024க்குக் கீழுள்ள போர்ட்டை, அதாவது இணைப்புக்கான கதவு எண்ணை, திறக்க முடியாது. அதனால் டெர்மக்ஸ் எஸ்எஸ்ஹெச்சின் வழக்கமான 22இல் அல்ல, 8022இல் காத்திருக்கும்.

இணைப்பு கிடைக்காதபோது நான் முதலில் பார்ப்பது பிழைச் செய்தியைத்தான். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் நல்ல செய்தி. ஃபோன் வரை போய்விட்டோம், உள்ளே கதவைத் திறக்க ஆள் இல்லை. டெர்மக்ஸைத் திறந்து, ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சை ஓடவைக்கும் 'எஸ்எஸ்ஹெச்டி' கட்டளையைக் கொடுத்தால் போதும். வீட்டு வைஃபையிலேயே 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்று வந்தால், அந்த முகவரியில் யாருமே பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். அப்போது டெர்மக்ஸை நோண்டிப் பயனில்லை.

ஒருமுறை 'ரெஃப்யூஸ்டு' என்னை ஏமாற்றியது. ஃபோனின் பழைய ஐபி முகவரி டிவிக்குப் போயிருந்தது, மறுத்தது டிவி. சரி, ரவுட்டரில் நிரந்தர முகவரி ஒதுக்கலாம் என்று ஃபோனின் மேக் முகவரியை (வைஃபை வன்பொருளின் அடையாள எண்) கொடுத்தேன், பலிக்கவில்லை. ஆண்ட்ராய்டு 10 முதல் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக் முகவரியைத்தான் ஃபோன் காட்டுகிறது. வீட்டு வைஃபைக்கு மட்டும் அசல் மேக் என்று மாற்றிய பிறகு முகவரி நகரவே இல்லை.

ரவுட்டரை மாற்றியபோதுதான் மிகவும் திண்டாடினேன். ஃபோனும் மடிக்கணினியும் ஒரே வைஃபையில், இரண்டிலும் இணையம் வருகிறது, ஒன்றையொன்று மட்டும் பார்க்கவில்லை. காரணம் ரவுட்டரில் இருக்கும் ஏபி ஐசொலேஷன் என்ற அமைப்பு. வைஃபையில் இருக்கும் சாதனங்கள் தங்களுக்குள் பேசுவதை அது தடுக்கிறது. விருந்தினர் வைஃபையிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

திரை அணைந்து சில நிமிடங்களில் இணைப்பு உறைந்தால் காரணம் பேட்டரி சேமிப்பு. டெர்மக்ஸின் அறிவிப்பில் இருக்கும் வேக்லாக்கை (ஃபோனைத் தூங்கவிடாத பொத்தான்) அழுத்தி, பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்தும் அதற்கு விலக்கு கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்தபோது எனக்கு இணைப்பு நிலைக்கவில்லை.

வெளியூரிலிருந்து வீட்டு ஃபோனை எட்ட, வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் ஃபோனுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் செய்து பார்த்தேன், வெறும் 'டைம்டு அவுட்'. ரவுட்டரின் வெளி முகவரியே 100.64இல் தொடங்கியது. அதாவது, நெட் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்திருக்கிறது, உள்ளே வர வழியே இல்லை. ஃபோனிலும் மடிக்கணினியிலும் டெயில்ஸ்கேல் (நம் சாதனங்களை மட்டும் இணைக்கும் விபிஎன் செயலி) போட்டதும் தீர்ந்தது. ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும் என்பதால், வேறு விபிஎன் வைத்திருப்பவர்களுக்கு இது சரிவராது.

எஸ்எஸ்ஹெச்சில் நுழையக் கடவுச்சொல்லை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக மடிக்கணினியில் இருக்கும் சாவிக் கோப்புக்கு மாறியது அப்புறம்தான். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஃபோன் ரீஸ்டார்ட் ஆனால் எஸ்எஸ்ஹெச் தானாக எழாத குறை இருந்தது. டெர்மக்ஸ் பூட் துணைச் செயலியை நிறுவி ஒருமுறை திறந்து, தொடக்க ஸ்கிரிப்டில் எஸ்எஸ்ஹெச்டியைச் சேர்த்தேன். இப்போது அந்தக் குறையும் இல்லை.