அரசு சர்டிபிகேட் ஆப், மூணு மாசம் யூஸ் பண்ணதுல தோணினது

பேர் வேண்டாம், ஆனா முன்னாடி இருந்த வெப்சைட்டுக்கு இந்த ஆப் எவ்வளவோ தேவலாம். அப்ளை பண்ணதும் எஸ்எம்எஸ் வருது, பைல் யார் டேபிள்ல தூங்குதுன்னு தெரியுது, அதுலயே பாதி டென்ஷன் போச்சு. கடுப்பு எங்கன்னா, அவங்களே குடுத்த சர்டிபிகேட்ட திரும்ப ஸ்கேன் பண்ணி ஏத்துன்னு கேக்குது, அதுவும் 200 கேபிக்குள்ள இருக்கணுமாம், சுருக்கினா எழுத்து தெரியல, தெரியலன்னு ரிஜெக்ட்! எஸ்டோனியால 2001லயே எக்ஸ்-ரோடுன்னு ஒண்ணு கொண்டுவந்துட்டாங்க, ஒரு ஆபீஸ்ல இருக்குற தகவல இன்னொரு ஆபீஸ் நேரா வாங்கிக்கும். அம்மாவுக்கும் நான்தான் பண்ணிக் குடுத்தேன், எழுத்து ரொம்பப் பொடி, பெருசாக்கினா பட்டன் ஸ்க்ரீன விட்டு வெளிய போயிடுது. 5க்கு 3 ஸ்டார்.