மீன் தொட்டி லீக் ரிப்பேர்: 7,500 ரூபாய் போச்சு, மீனும் போச்சு

ஹாலில் இன்னும் ஈரம் காயவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மீன் தொட்டி ரிப்பேருக்கு 7,500 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறோம்.

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. சென்னை கொளத்தூரில் வாங்கி எட்டு வருடம். போன வாரம் கீழ் மூலையில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. ஸ்டாண்டும் துருப்பிடித்து லேசாக ஆடியது. நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 250 கிலோ. அதனால் நாமே கைவைக்கப் பயந்து, வீட்டுக்கே வந்து செய்துதரும் ஒரு வண்ணமீன் கடைக்காரரைக் கூப்பிட்டோம். லீக்குக்கு 3,500, ஸ்டாண்டுக்குக் குறுக்குக் கம்பி வைத்து வெல்டிங் அடிக்க 4,000.

வந்தவர் மண்டியிட்டு மூலையைத் தடவி, ஈர விரலை டார்ச் வெளிச்சத்தில் காட்டி, "இந்த ஜாயின்ட் மட்டும்தான் சார், மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் என் மகளிடம், "பாப்பா, உன் மீனுக்கு ஒண்ணும் ஆகாது, அண்ணன் பார்த்துக்கறேன்." அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். வேலை தொடங்கும் முன்பே முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டு ஆபீஸ் போய்விட்டேன்.

பிறகு பார்த்தால், கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பழைய சிலிக்கான் பசையை பிளேடால் சுரண்டி எடுக்கவே இல்லை, அதன் மேலேயே புதிதைப் பூசியிருக்கிறார். காய்ந்த சிலிக்கான்மேல் புதிது பிடிக்காது. ஸ்டாண்டில் வெல்டிங்கே கிடையாது. இரண்டு மர ரீப்பரைத் திருகி, கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார். "சாயங்காலமே தண்ணி ஊத்தலாம்" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்படியே ஊற்றினோம்.

மூன்றாம் நாள் விடியற்காலை எழுந்தால் காலுக்கடியில் தண்ணீர். மூலை பிய்ந்து, தொட்டி கூழாங்கல் வரை காலி. ஆறு வருடமாக வளர்ந்த ஒராண்டா தங்கமீன் கல்மேல் பக்கவாட்டில் கிடந்தது, செவுள் அசையவில்லை. இன்னொன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது.

பால்கனியில் அவர் போட்டுவிட்டுப் போன சிலிக்கான் டியூப் கிடைத்தது. குளியலறைக்கானது, பூஞ்சை பிடிக்காதது. அந்தப் பூஞ்சை மருந்தே மீனுக்கு விஷம்.

போன் செய்தால், "நீங்க சீக்கிரம் ஊத்திட்டீங்க சார்." ஊற்றச் சொன்னதே அவர்தான்! மறுநாள், "மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கார்." அதற்கு அடுத்த நாள், "வீடியோ அனுப்புங்க, பார்க்கறோம்." அனுப்பினேன். பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை. நேற்று கடைக்கே போனேன். "கண்ணாடிக்கு கேரண்டி கிடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு மீன் பிடித்துக் கொடுக்கப் போய்விட்டார். 7,500 ரூபாய்! புதுத் தொட்டிக்குப் பாதிப் பணம் வந்திருக்கும்.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. முன்பணமாகப் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். டியூபை வாங்கி நீங்களே படித்துப் பாருங்கள். பழைய சிலிக்கானைச் சுரண்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். இரண்டு மூன்று நாளாவது காயவிட்டு, மீனை விடாமல் வெறும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெல்டிங் என்றால் தீப்பொறியைக் கண்ணால் பார்த்த பிறகே பணம்.

மிச்சமிருக்கும் மீன் பக்கெட்டில் இருக்கிறது. கரண்ட் போய்விட்டது, ஏர் பம்ப் நின்றிருக்கும். போகிறேன்.