பிரிட்டானியா கப்பல், லீத்: கடற்படை ஆட்களுக்காகவே போய்ப் பார்க்கலாம்

எடின்பரோ போகிறவர்கள் பலர் கோட்டையைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். லீத் துறைமுகத்தில் நிற்கும் பிரிட்டானியா கப்பலையும் பார்த்துவிட்டு வாருங்கள். 2023லிருந்து ஓஷன் டெர்மினல் வரை டிராம் போகிறது, இறங்கினால் பக்கத்திலேயே கப்பல். டிக்கெட் விலை அதிகம்தான், ஆனால் ஐந்து தளங்களையும் நின்று நிதானமாகப் பார்த்தால் கொடுத்த காசு வீணாகாது.

1954லிருந்து 1997 வரை எலிசபெத் ராணி குடும்பத்தின் கப்பல் இது. ராணியின் படுக்கையறை, விருந்துக்கூடம், ரோல்ஸ்ராய்ஸ் கார் எல்லாவற்றுக்கும் கூட்டம் கூடுகிறது. எனக்கோ அதிகாரிகளின் கூடமும் அட்மிரலின் அறையும்தான் ரொம்பப் பிடித்தன. ஏனென்றால் இந்தக் கப்பலின் தலைமை அதிகாரி கடற்படைக்காரர் மட்டுமல்ல, அரண்மனைப் பணியாளரும்கூட. 1981 முதல் 1985 வரை அந்தப் பொறுப்பில் இருந்த ரியர் அட்மிரல் பால் கிரீனிங், 1986ல் அரண்மனையின் சமையல், விருந்து, வீட்டுப் பராமரிப்பு, பணியாட்கள் அத்தனையையும் கவனிக்கும் 'மாஸ்டர் ஆஃப் தி ஹவுஸ்ஹோல்ட்' ஆகி 1992 வரை இருந்தார். கடலில் வளர்ந்த மனிதருக்கு விருந்து வேலை எப்படிச் சரிப்படும் என்று தோன்றலாம், கப்பலைச் சுற்றி வந்தால் புரிந்துவிடும். அந்த நாட்களில் ராஜ குடும்பத்தின் அறைகளுக்குப் பக்கத்தில் செய்யும் வேலையைச் சத்தமில்லாமல், காலை 8 மணிக்குள் முடித்துவிட வேண்டும், உத்தரவைக் கூவிச் சொல்லாமல் கைச்சைகையில் சொல்ல வேண்டும், சாப்பாட்டு மேசையில் தட்டும் கத்தியும் ஸ்கேல் வைத்து அளந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். இதெல்லாம் பழகியவருக்கு அரண்மனை புதிதாக இருந்திருக்காது.

அப்புறம் மைக்கேல் பார்க்கர். இவருக்காகவே நான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆஸ்திரேலியர், பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில், பின்னாளில் எலிசபெத்தின் கணவரான இளவரசர் பிலிப்பும் இவரும் ஒரே நாசகாரிப் பிரிவில் வெவ்வேறு கப்பல்களில் இருந்தார்கள், 1944 கடைசியில் அந்தப் பிரிவு நம் திருகோணமலையில்தான் நின்றது. 1947ல் பிலிப்பிடம் வேலைக்கு வந்து அவருடைய தனிச் செயலாளர் ஆனார். 1952 பிப்ரவரி 6 அன்று கென்யாவில், எலிசபெத்தின் அப்பா மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்த செய்தியைப் பிலிப்பிடம் சொல்லும் வேலை இவர் தலையில்தான் விழுந்தது. பிலிப் அதன்பிறகுதான் மனைவியிடம் போய்ச் சொன்னார்.

1956ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கைத் தொடங்கி வைக்கப் பிலிப் போன நீண்ட பயணம் இதே பிரிட்டானியாவில்தான், பார்க்கரும் கூட இருந்தார். 1957 பிப்ரவரியில் திரும்பும் வழியில் அவருடைய மனைவி விவாகரத்து கோரும் செய்தி பத்திரிகைகளில் வந்துவிட, வேலையை விட்டுவிட்டார். பத்து வருடம் கூடவே இருந்தவர், வேலையில் ஒரு குறையும் இல்லை, வீட்டு விஷயத்துக்காகப் போக வேண்டியிருந்தது. அன்றைய அரண்மனை அதில் அவ்வளவு கறார், எனக்கு இன்றும் அது அநியாயமாகத்தான் படுகிறது. பிறகு ஆஸ்திரேலியாவுக்கே திரும்பிய பார்க்கர் 2001ல் காலமானார்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. மேல்தளத் தேநீர்க் கடையில் நேரத்தை எல்லாம் செலவழித்துவிடாமல், மாலுமிகள் நெருக்கியடித்துப் படுத்த அறைகளுக்கும் எஞ்சின் அறைக்கும் அரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். அந்த எஞ்சின் அறையின் சுத்தத்தை நேரில்தான் பார்க்க வேண்டும்.