டீசல் வடிகட்டி: ஒன்றா, இரண்டா?

சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து உபின் தீவுக்குப் போய்த் திரும்பும் சிறு படகுக்கு ஒற்றை வடிகட்டியும் கையிருப்பில் ஓர் உபரி வடிதாளும் போதும் என்பேன். அது மலிவானது, இடமும் அதிகம் பிடிக்காது. ஆனால் அடைத்துக்கொண்டால், இயந்திரத்தை நிறுத்தி, மூடியைத் திறந்து, வடிதாளை மாற்றி, குழாயில் புகுந்த காற்றையும் வெளியேற்றிய பிறகே மீண்டும் புறப்பட முடியும். பெருங்கப்பல்கள் இடைவிடாமல் செல்லும் சிங்கப்பூர் நீரிணையைக் கடந்து இந்தோனேசியாவின் பாத்தாமுக்குப் போகிறவர், அந்த நிமிடங்களை மிச்சப்படுத்த, கூடுதல் விலைகொடுத்து இரட்டை வடிகட்டியே வாங்க வேண்டும். இரட்டை வடிகட்டியில் கைப்பிடியைத் திருப்பினால் போதும், டீசல் அடுத்ததன் வழியே ஓடும், இயந்திரமும் நிற்காது.

நம் ஊர் ஈரப்பதத்தில், பாதி காலியான தொட்டிக்குள் நீர் திரள்கிறது. நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கறுப்புக் கசடாகின்றன. ஆகவே எதை வாங்கினாலும் அடியில் ஒளி ஊடுருவும் கிண்ணம் இருக்கட்டும். டீசலுக்குக் கீழே தனிப் படலமாகத் தங்கும் நீரை, அடித்திருகைத் தளர்த்தி வடித்துவிடலாம். தொட்டியிலிருந்து வரும் டீசலை முதலில் வடிக்கும் இந்த முதல்நிலை வடிகட்டிக்கு 10 அல்லது 30 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளையுள்ள வடிதாள் ஏற்றது. 2 மைக்ரானை இங்கேயே போட்டால் விரைவில் அடைத்துக்கொள்ளும். டீசலை இழுக்க எவ்வளவு உறிஞ்ச வேண்டியிருக்கிறது என்று காட்டும் வெற்றிடமானியையும் சேர்த்தே வாங்குங்கள். முள் வழக்கத்தைவிட ஏறினால் அடைப்பு தொடங்கிவிட்டது என்று பொருள், அப்போதே வடிதாளை மாற்றிவிடலாம்.