2.3 டெசிபலுக்கு 1,85,000 ரூபாய்: ஹை-எண்ட் ஆடியோ விமர்சனங்களை நம்பி ஷோரூம் ஏறுகிறவர்களுக்கு

"பாக்ஸ் ஓபன் பண்ணியாச்சு, இனிமே ரிட்டர்ன் கிடையாது சார்." நேற்று மாலை கடைசியாக வந்த பதில் இது. போனது 1,85,000 ரூபாய். கடை, சென்னையில் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு போக வேண்டிய வகை ஆடியோ ஷோரூம். அங்கே போகச் சொன்னது ஒரு வீடியோ விமர்சன சேனல். இரண்டின் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் பேச்சு முழுக்க அந்தப் பெயர்களைச் சுற்றியே போகும், ஏமாற்றிய முறை அடியில் போய்விடும். முறை தெரிந்தால் எந்தக் கடையிலும் பிடித்துவிடலாம்.

வாங்கியது ஒரு டாக் (DAC). டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபையருக்குப் போகிற மின்னழுத்தமாக மாற்றும் பெட்டி. அதைப் பற்றிய விமர்சனம் 22 நிமிஷம். தம்புரா தனியாகப் பிரிந்து நிற்கிறதாம், மிருதங்கத்தின் தொப்பி வயிற்றில் இறங்குகிறதாம், பாடகர் மூச்சு இழுப்பது பக்கத்தில் கேட்கிறதாம். அத்தனை நிமிஷத்தில் ஒரு எண்கூட இல்லை. டிஸ்டார்ஷன், அதாவது ஒலிச் சிதைவு எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு, அவுட்புட் எத்தனை வோல்ட், எதையும் சொல்லவில்லை. அந்த வோல்ட்டில்தான் 1,85,000 ரூபாயும் போனது.

ஷோரூமில் நடந்தது இதுதான். ஒரே ஆம்ப், ஒரே ஸ்பீக்கர். ஒரு இன்புட்டில் 40,000 ரூபாய் டாக், இன்னொன்றில் 1,85,000 ரூபாய் டாக். நாம் கொண்டுபோன பென் டிரைவில் இருந்த கச்சேரியையே போட்டார்கள். "நீங்களே கேட்டு முடிவு பண்ணுங்க சார், நாங்க எதுவும் சொல்லல. கண்ணை மூடிக்குங்க." நம்பிக்கை வந்தது இந்த வார்த்தையில்தான். நம் பாட்டு, நம் காது, அவசரப்படுத்தாத ஆள். வால்யூம் குமிழை அவர் தொடவே இல்லை. அதைக்கூட நேர்மை என்றுதான் எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறை மாற்றும்போதும், "இப்ப பெரிய யூனிட்" என்று மெதுவாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஸ்பெக் தாளைப் பார்த்தால், பொடி எழுத்தில் அவுட்புட் 2.6 வோல்ட். வழக்கமான டாக்குகளில் 2 வோல்ட்தான் இருக்கும். அந்த 40,000 ரூபாய் மாடலும் அதுதான். 2.6-க்கும் 2-க்கும் உள்ள இடைவெளி, சத்தத்தை அளக்கும் கணக்கில், சுமார் 2.3 டெசிபல். குமிழைத் தொடாமல் இன்புட்டை மட்டும் மாற்றினால் விலை கூடியது அத்தனை சத்தமாகப் பாடும். இவ்வளவு சின்ன ஏற்றம் பல நேரம் காதுக்குச் 'சத்தம்' என்று தெரியாது. தெளிவு, ஆழம், உயிர் என்றுதான் தெரியும். குமிழைத் தொடாமல் இருந்ததுதான் மோசடி.

இதைச் சரிபார்க்கப் பெரிய கருவி வேண்டாம். ரிச்சி தெருவில் கிடைக்கிற சாதாரண மல்டிமீட்டர் போதும். போனை டாக்கில் இணைத்து, 100 ஹெர்ட்ஸ் சைன் டோனை, அதாவது ஒரே சுருதியில் நிற்கிற ஒலியை ஓட விடுங்கள். 1,000 ஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவு மீட்டர்கள் 400-க்கு மேல் தப்பாகக் காட்டும். 50-உம் வேண்டாம், கரண்டின் ஹம் அதே இடத்தில்தான் இருக்கும். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கரின் பின் டெர்மினல் இரண்டிலும் புரோப்பை வைத்து அளக்க வேண்டும். புரோப் இரண்டும் ஒன்றோடொன்று உரசக் கூடாது, உரசினால் ஆம்ப் போய்விடலாம். ஒரு டாக்கில் 2.00 வோல்ட் வந்தால் மற்றதில் 1.98-க்கும் 2.02-க்கும் நடுவில் வர வேண்டும். அது 0.1 டெசிபலுக்குள். சத்தம் கூடிய டாக்கை பிளேயரின் டிஜிட்டல் வால்யூமில் குறைத்து அந்த இடத்துக்குக் கொண்டு வரலாம்.

அப்படிச் சமன் செய்துவிட்டு, எது ஓடுகிறது என்று தெரியாமல் 16 முறை கேட்டது. மாற்றுகிறவர் அடுத்த அறையில், காசு சுண்டி வரிசை போட்டு. 16-இல் 12 சரி என்றால்தான் வித்தியாசம் கேட்கிறது என்று சொல்ல முடியும். வந்தது 8. பக்கத்தில் வைத்தது 9,000 ரூபாய் டாக். 1,85,000 எதிரே 9,000, முடிவு பூவா தலையா.

கடைக்குப் போன் செய்தால் முதல் பதில்: "300 மணி நேரம் பர்ன்-இன் ஆகணும் சார், விடாம ஓட விடுங்க." பர்ன்-இன் என்றால் புதுப் பெட்டியை ஓட விட்டே பழக்கி ஒலியைச் சரியாக்குவதாம். இரவும் பகலும் ஓட்டினாலும் 300 மணி நேரம் பன்னிரண்டரை நாள். அவர்கள் ரிட்டர்ன் கெடு 7 நாள், அதாவது 168 மணி. இந்தக் கணக்கை வாங்குகிற அன்றே போட்டிருக்க வேண்டும். ஸ்பீக்கர் கோனைப் பிடித்திருக்கும் ரப்பரும் ஸ்பைடர் என்கிற துணி வளையமும் புதிதில் கொஞ்சம் தளரும், அது உண்மை. டாக்கில் அசைகிற பாகமே கிடையாது. கெடு தாண்டும் வரை வாயை அடைத்து வைக்கத்தான் அந்த 300. விமர்சகரும் அதே 300-ஐத்தான் சொன்னார், எண் மாறாமல்!

இரண்டாவது பதில், பவர் கேபிளை மாற்றச் சொன்னது. 38,000 ரூபாய். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மீட்டர் போர்டு வரை ஈபி இழுத்த கேபிள், அங்கிருந்து சுவருக்குள் 2.5 ஸ்கொயர் எம்எம் வயர். இதைத் தாண்டி வந்த கரண்டை கடைசி ஒன்றரை மீட்டர் சுத்தம் செய்யுமாம். பெட்டிக்குள் போனதும் அந்த 230 வோல்ட் ஏசியை இறக்கி, டிசி ஆக்கி, ரெகுலேட்டர் வழியாகத்தான் சிப்புக்கே அனுப்புகிறார்கள்.

மூன்றாவதாக, "உங்க ரூம் சரியில்ல." இது மட்டும் உண்மை, அதனால்தான் கோபம் அதிகம். சென்னை ஃபிளாட்டில் 10-க்கு 12 அடி அறை என்றால் சுமார் 47, 57 ஹெர்ட்ஸில் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தேங்கும். கூரையும் 10 அடி என்றால் அந்த 57-இல் தேக்கம் இன்னும் கூடும். பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ், அந்த ஒரு சுரம் மட்டும் உப்பிக்கொண்டு வரும். எந்த டாக்கும் இதைத் தொட முடியாது. ஸ்பீக்கரை மூலையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி வெளியே இழுத்து, உட்காரும் இடத்தைப் பின்சுவரிலிருந்து நகர்த்தினால் காசே இல்லாமல் கேட்கிற வித்தியாசம் வரும். அறைதான் குறை என்று தெரிந்தவர்கள், விற்பதற்கு முன்னால் ஏன் சொல்லவில்லை?

சேனலில் கேட்ட கேள்வி இரண்டு மணி நேரத்தில் நீக்கப்பட்டது. யூனிட் கம்பெனி கொடுத்ததா, லிங்க்கில் கமிஷன் உண்டா என்றுதான் கேட்டது. இந்தியாவில் 2023 ஜனவரியிலிருந்தே நுகர்வோர் துறையின் வழிகாட்டுதல் இருக்கிறது: காசோ இலவசப் பொருளோ வாங்கிப் பரிந்துரைத்தால் பார்க்கிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

காது மட்டுமே சாட்சி என்கிற விமர்சனம் எங்கே கொண்டு விடும் என்பதற்குப் பழைய கதைகள் போதும். 2010-இல் லெக்சிகான் பிடி-30 என்ற 3,500 டாலர் புளூ-ரே பிளேயரைத் திறந்தால் உள்ளே சுமார் 500 டாலர் ஆப்போ பிடிபி-83 சேசிஸோடு அப்படியே உட்கார்ந்திருந்தது. 2022-இல் மொபைல் ஃபிடிலிட்டி என்ற கம்பெனியின் வினைல் ரெக்கார்டுகள்: முழுக்க அனலாக் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் கொண்டாடியவற்றில் பலவற்றுக்கு நடுவில் டிஜிட்டல் படி இருந்தது வெளியே வந்தது. அதுவரை ஒரு காதும் கண்டுபிடிக்கவில்லை. 2007-இல் மேயர், மோரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹை-ரெசல்யூஷன் டிஸ்க்கின் ஒலியை சிடி தரத்துக்கு இறக்கி, மறைத்து வைத்துக் கேட்க வைத்தார்கள். 554 முறையில் சரியான பதில் 276. பாதிக்கும் ஒன்று கம்மி.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. அளவு எண் இல்லாத விமர்சனத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். டெமோவுக்கு மல்டிமீட்டரோடு போங்கள்; வைக்க விடவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பர்ன்-இன் என்று சொன்னால் ரிட்டர்ன் கெடுவையும் அத்தனை நாளுக்கு பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். 1,85,000-க்கு அங்கேதான் போகப் போகிறேன். பில் தெர்மல் தாளில் இருந்தால் இன்றே ஜெராக்ஸ் எடுங்கள், லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் முழுசாகக் கறுத்துவிடும்.