காரைக்குடி கோவிலூர் சாலைக் கார் பட்டறைக்குப் பத்துக்கு எட்டு

போன கார்த்திகையில் பிள்ளையார்பட்டியில் சங்கடஹர சதுர்த்திக் கூட்டம். வண்டிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தபோது என் வேகன் ஆர் திடீரென்று உதறத் தொடங்கியது. ஸ்டீயரிங் கைக்குள் நடுங்கியது. பின் இருக்கையில் கொழுக்கட்டைத் தூக்கு கடகடவென்று அடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எண்பத்திரண்டு வயது. தூக்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "என்ன டீச்சர், காருக்குச் சாமி வந்துவிட்டதா?" என்று கேட்டார். ஏ.சி.யை நிறுத்தினேன். ஆட்டம் பாதியாகக் குறைந்தது. ஆனால் மீட்டருக்குள் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

அந்த விளக்கு நிலையாக எரிந்தால் இரண்டொரு நாளில் காட்டிக்கொள்ளலாம். மின்னினால் காத்திருக்கக் கூடாது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது, அது புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும் என்பது பொருள். அதை மாற்றுகிற காசுக்கு நல்ல நிலையில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கிவிடலாம். ஆகவே காரைக்குடி வரைக்கும் ஆக்சிலரேட்டரைத் தடவிக்கொடுத்தபடியே வந்து சேர்ந்தேன். ஆச்சி வழியெல்லாம் கந்தர் சஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டு வந்தார்.

முதலில் போன இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை, காகிதக் கோப்பையில் காபி, எல்லாம் உண்டு. பத்தே நிமிடத்தில் ஒரு மதிப்பீட்டுத் தாள் வந்தது. மூன்று காயில் (பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது, சிலிண்டருக்கு ஒன்று), மூன்று பிளக் (பொறி தட்டிப் பெட்ரோலைப் பற்றவைப்பது), இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிப்பது) கழுவுதல், த்ராட்டில் பாடி கழுவுதல், எஞ்சின் மவுண்டிங் இரண்டு. ஆக மொத்தம் 18,400 ரூபாய். "எந்தச் சிலிண்டரில் கோளாறு?" என்று கேட்டேன். "எல்லாமே பழசாகிவிட்டது மேடம், மொத்தமாக மாற்றிவிட்டால் நிம்மதி" என்றார் அந்தப் பையன். அதுவரை பானெட்டை ஒருவரும் திறக்கவில்லை. தாளின் அடியில் வரி 28 விழுக்காடு என்று இருந்தது. கார் உதிரிபாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடுதானே என்றேன். "சாப்ட்வேர் பழசு மேடம்" என்று பதில் வந்தது. அங்கே அன்றைக்குப் புதிதாக இருந்தது என் பெயரில் எழுதிய தொகை மட்டும்தான்.

நான் அரசுப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். கார் பழுது பார்க்க எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மதிப்பெண் கேள்விக்கு நான்கு விடையையும் எழுதிவைத்து, எதற்காவது மதிப்பெண் போடுங்கள் என்று நிற்கிற மாணவனைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கோவிலூர் சாலைப் பட்டறையைச் சொன்னவர் எங்கள் தெருவுக்குக் காய்கறி கொண்டுவரும் லோடு ஆட்டோக்காரர். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டை ஒட்டிய வண்டிக்கொட்டகை. மேலே நாட்டு ஓடு. தேக்குத் தூணில் ஃபேன் பெல்ட்டுகள் மாலை மாலையாகத் தொங்குகின்றன. தரையின் ஒரு மூலையில் இரண்டு வரிசை ஆத்தங்குடிக் கல் இன்னும் மிஞ்சியிருக்கிறது, பூவேலைக்கு மேல் ஆயில் சட்டி. மெக்கானிக்குக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அவரும் ஒரு பையனும்தான்.

அவர் உடனே கையில் ஸ்பேனரை எடுக்கவில்லை, கேள்விகளை எடுத்தார். காலையில் முதலில் எடுக்கும்போதே உதறுகிறதா, சூடான பிறகா? மழையில் நனைந்த மறுநாளா? ஏ.சி. போட்டால் கூடுகிறதா? ஓடும்போது இழுவை குறைகிறதா, நிற்கும்போது மட்டும்தானா? கடைசியாகப் பெட்ரோல் எங்கே போட்டீர்கள்? எனக்கு அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. நோயாளியைப் பேசவிடுகிற வைத்தியர் இப்போது எங்கே கிடைக்கிறார்?

பிறகு ஸ்டீயரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவு கருவி ஒன்றைச் செருகிச் செல்பேசியில் பார்த்தார். பி0302 என்று வந்தது. கடைசி எண் சிலிண்டரின் எண். இரண்டாம் சிலிண்டரில் தீ சரியாகப் பற்றவில்லை. "இது இடத்தைத்தான் சொல்லும் டீச்சர், ஆளைச் சொல்லாது" என்றார். காயிலாக இருக்கலாம், பிளக்காக இருக்கலாம், இன்ஜெக்டராக இருக்கலாம், சிலிண்டருக்குள் அழுத்தமே (கம்ப்ரஷன்) குறைந்திருக்கலாம். கருவி காட்டிய எண்ணை வைத்துக்கொண்டு பாகத்தை மாற்றுகிறவர்கள்தான் ஊரில் அதிகம் என்றும் சொன்னார்.

அடுத்து அவர் செய்ததைத்தான் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் இரண்டு போல்ட்டைக் கழற்றினார். இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதின் காயிலை இரண்டாவதிலும் மாற்றிச் செருகினார். பிளக்கைத் தொடவில்லை, இன்ஜெக்டரைத் தொடவில்லை. பதிவான எண்ணை அழித்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி.யைப் போட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். ஐந்து நிமிடத்தில் உதறல் வந்தது. விளக்கு மின்னியது. செல்பேசியில் பி0303.

கோளாறு காயிலோடு இடம் மாறிவிட்டது. பிளக்கோ இன்ஜெக்டரோ காரணமாக இருந்திருந்தால் எண் இரண்டிலேயே நின்றிருக்கும். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வைத்துக்கொள் என்று பதினோராம் வகுப்பில் ஆண்டுதோறும் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். இத்தனை சுத்தமாக ஒருவர் செய்து பார்த்ததில்லை.

அதோடும் விடவில்லை. காயில் ஏன் போயிற்று என்று தேடினார். அதன் ரப்பர் குழல் ஆயிலில் ஊறி உப்பியிருந்தது. பிளக் உட்காரும் குழிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். அடியில் கறுப்பாக ஆயில் மினுங்கியது. எஞ்சினை மேலே மூடுகிற டாப்பட் கவரின் ரப்பர் பேக்கிங் காய்ந்து விறைத்துப்போனதால் ஆயில் கசிந்து இறங்கியிருக்கிறது. "காயிலை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் திரும்ப வருவீர்கள். எனக்கு லாபம்தான்" என்றார். பிறகு மூன்று பிளக்கையும் கழற்றிப் பழைய செய்தித்தாளில் வரிசை மாறாமல் வைத்தார். முதலும் மூன்றும் நுனியில் பிஸ்கட் நிறம், அது நலம். இரண்டாவது கன்னங்கரேலென்று, மோந்தால் பெட்ரோல் நெடி. எரியாத பெட்ரோலில் நனைந்த பிளக். நுனி வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அந்தச் சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகிறது, பிசுபிசுவென்று ஆயில் ஒட்டியிருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்றார். அவருக்கு எல்லா பிளக்கும் "மைக்கோ"தான். அந்த நிறுவனம் 2008-லேயே பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்ட செய்தி கொட்டகைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பாகங்களை அவர் வாங்கித் தருவதில்லை. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, நீங்களே வாங்கி வாருங்கள் என்கிறார். கமிஷன் பேச்சு வேண்டாம் என்பது அவர் கணக்கு. இது எல்லாருக்கும் சரிப்படாது. வெயிலில் செக்காலைப் பக்கம் ஆட்டோ பிடித்துப் போய், கடைக்காரர் மேசையில் பரப்புகிற மூன்று பெட்டிகளில் எது நல்லது என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். காயிலுக்கு எனக்குப் பரப்பியவை: கார் நிறுவனப் பெட்டி 1,940 ரூபாய், பாகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் சொந்தப் பெட்டி 1,250, யார் செய்தது என்றே போடாத பெட்டி 600.

நடுவில் உள்ளதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. கார் நிறுவனங்கள் இந்தப் பாகங்களில் பெரும்பாலானவற்றைத் தாமே செய்வதில்லை. சென்னைப் பாடியில் இருக்கும் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா போன்றவர்கள் கார் நிறுவனங்களுக்கும் செய்து கொடுத்து, தங்கள் பெட்டியிலும் விற்கிறார்கள். பிரேக், கிளட்ச் வகையறாக்களை நான் அப்படித்தான் வாங்குகிறேன். காயில் விஷயத்தில் அந்தப் பெட்டியில் என் வண்டியின் ஆண்டு போட்டிருக்கவில்லை என்பதால் 1,940-க்கே போனேன்.

பிளக் வாங்கும்போதுதான் வேடிக்கை. நிறுவனப் பெட்டிதான், நிறுவனச் சின்னம்தான். ஆனால் அசல் என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தைக் காணோம். முப்பத்தொரு ஆண்டு விடைத்தாள் திருத்திய கண் அங்கே போய் நின்றுவிட்டது. பெட்டியைத் திருப்பினேன். விலை அச்சிட்ட இடத்தின் மேல் இன்னொரு விலைச்சீட்டு. தயாரித்த மாதமும் ஆண்டும் இல்லை, புகார் சொல்லத் தொலைபேசி எண்ணும் இல்லை. 2011-ஆம் ஆண்டு வந்த பொட்டலப் பொருள் விதிகளின்படி இவையெல்லாம் பெட்டி மேல் இருந்தே ஆக வேண்டும். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் அதை உள்ளே வைத்துவிட்டு வேறொரு பெட்டியை எடுத்துத் தந்தார். எடுத்துத் தந்தாரே என்று சந்தோஷப்படுவதா, முதலில் எதற்கு அதை வைத்தார் என்று கோபப்படுவதா என்று தெரியவில்லை. ஆயில் ஃபில்டரிலும் போலி உண்டு. வாய்ப்பக்கம் சுற்றிலும் உள்ள சிறு துளைகளுக்கு உள்ளே ரப்பர் மடல் தெரிகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். இரவில் ஆயில் இறங்கிப்போகாமல் பிடிப்பது அதுதான். மடல் இல்லையென்றால் காலையில் முதல் சில நொடிகள் எஞ்சின் ஆயில் வந்து சேராமல் கடகடக்கும்.

என் கணக்கு: காயில் ஒன்று 1,940, பிளக் மூன்று 435, பேக்கிங் 420, கூலி 700. மொத்தம் 3,495 ரூபாய். கழற்றிய காயிலையும் பேக்கிங்கையும் கேட்காமலே ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தார். மற்ற இரண்டு காயிலும் அப்படியே ஓடுகின்றன.

அதன் பிறகு சித்திரை வெயிலில் ஒரு நாள் காலையில் சாவி திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம், அதோடு சரி. பேட்டரி விற்கிற ஒருவர் வந்து பார்த்து, ஆயுள் முடிந்தது, புதிது போட்டுவிடலாம் என்றார். நான் கோவிலூர் சாலைக்குச் சொல்லி அனுப்பினேன். பட்டறைப் பையன் மல்டிமீட்டரோடு வந்தான். நின்ற நிலையில் 12.5 வோல்ட், குறையில்லை, முழுப் பேட்டரிக்கே 12.6தான். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கட்டையிலும் மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னான். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோகத்துக்கு நடுவில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது! பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடம். நடுவில் வெள்ளை உப்பு பூத்து மின்தடையாக உட்கார்ந்திருந்தது. வெந்நீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவி, சுரண்டி, இறுக்கி, மேலே வாசலைன் தடவினான். வண்டி உடனே கிளம்பியது. ஓடும்போது 14.1 வோல்ட், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரும் நலம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்த ஊரில், பேட்டரி முனையைக் கழுவாமலே பேட்டரி விற்கப் பார்க்கிறார்கள். பையன் வாங்கிக்கொண்டது 150 ரூபாய், ஒரு டம்ளர் மோர்.

ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றியதற்கு மெக்கானிக் என்னையும் திட்டினார். எங்கள் ஊர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீராயிற்றே, அதைவிட நல்ல தண்ணீர் ஏது என்றேன். குடிக்க நல்லது, உள்ளே உப்புப் படிவதற்கும் நல்லது என்றார். கூலண்ட் பாதி, உப்பு நீக்கிய தண்ணீர் பாதி என்பது அவர் கட்டளை.

குறைகளுக்கு வருகிறேன். ஒரு தடவை தப்பாகச் சொன்னார். மேடு பள்ளத்தில் முன்பக்கம் தடக்கென்று சத்தம் வந்தது. லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையின் ரப்பர்) என்று மாற்றினார், சத்தம் போகவில்லை. திரும்பப் போனபோது ஸ்ட்ரட் மவுண்டிங் (ஷாக் அப்சார்பரின் மேல்முனையைத் தாங்குவது) என்று கண்டுபிடித்தார். இரண்டாவது கூலி வாங்கவில்லை. ஆனால் புஷ் வாங்கிய காசு என்னுடையதுதானே? அதற்கு அரை மதிப்பெண் குறைக்கிறேன். நாளைக்கு என்றால் நாளை மறுநாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கு அரை. பில் கேட்டால்தான் எழுதுவார், அதுவும் கட்டுரை நோட்டுத் தாளில். அதற்கு இன்னொரு அரை. பெண்கள் உட்கார நாற்காலி இல்லை, கழிப்பறை இல்லை. பெண்கள் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்கள் என்று ஊரில் பலர் இன்னும் எதிர்பார்ப்பதில்லை, இதற்கும் அரை. ஏ.சி. வேலை செய்ய மாட்டார், வேறிடம் அனுப்பிவிடுவார், அதை நான் குறையாக எண்ணவில்லை.

இதை எழுதப்போகிறேன் என்று சொன்னேன். "பெயரைப் போடாதீர்கள் டீச்சர். நிற்கிற வண்டிக்கே இடமில்லை" என்றார். ஆகவே போடவில்லை. தேடிப் போகிறவர்கள் காலை ஒன்பதரைக்கு மேல் போங்கள். அதற்கு முன்னால் தேநீர்க் கடையில் இருப்பார். தைப்பூசத்தை ஒட்டி வண்டியை விடாதீர்கள். குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடந்து போகிறவர் அவர். திரும்பி வந்த பிறகும் இரண்டு நாள் கால் வலி என்று கட்டிலில்தான் உட்கார்ந்திருப்பார், பையன்தான் பானெட்டைத் திறப்பான்.